காப்பிக் கடையில் யார் உட்காரலாம்?

அந்தமானுக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து, ஊரிலிருந்து போன் பண்ணுகிற சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி கடலைப் பற்றியோ செல்லுலர் ஜெயிலைப் பற்றியோ இல்லை. "அங்க காப்பி எப்படி, நல்லா கிடைக்குதா?" என்பதுதான். மதுரைக்காரர்களிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? அவர்களுக்குச் சொல்கிற பதிலையே கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் இல்லை, ரொம்பவே நீட்டி. படித்து முடிப்பதற்குள் கையிலிருக்கிற காப்பி ஆறிப்போனால் நான் பொறுப்பில்லை :-)

கிடைக்கிறது. ஆனால் தீவில் கறந்த பால் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. பெரும்பாலான கடைகளில் பால் பவுடர்தான். காப்பித்தூள் சென்னையிலிருந்து ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் கடல் தாண்டி வரவேண்டும், கப்பலில் என்றால் மூன்று நாள். மழை பிடித்துக்கொண்டால் ஈரக்காற்றில் தூள் கட்டிதட்டிப் போகும். இத்தனைக்கும் நடுவில் டெலானிபூரில் ஒருவர் பித்தளை ஃபில்டர் வைத்து டிகாக்‌ஷன் இறக்குகிறார். பால் பவுடரைக் கட்டி இல்லாமல் கரைக்கிற வித்தையும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

டெலானிபூர் என்றால் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கடற்படையின் சாமுத்ரிகா அருங்காட்சியகம் இருக்கிற இடம். எங்களைப் போல வேலைக்கு வந்தவர்களுக்கு அது வாடகை வீடுகளும் மேடும் பள்ளமுமான தெருக்களும். (2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான் வருகிறது, எனக்கும்.) நான் சொல்கிற கடையில் ஒன்பது பேர் உட்காரலாம், நெருக்கினால் பதினொன்று. கடைக்காரர் ராமநாதபுரம் பக்கம். கடையின் பெயரையும் தன் பெயரையும் எங்கும் எழுதவேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனவே அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம், நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

அந்தக் கடையில் காப்பியைவிட முக்கியமானது சுவர். தீவுகளுக்கிடையே ஓடுகிற கப்பல்களின் நேர அட்டவணை 'டெய்லி டெலிகிராம்ஸ்' பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். அதற்குப் பக்கத்தில் வீடு வாடகைக்கு, பழைய மிதிவண்டி விற்பனைக்கு, கணக்கு டியூஷன், ரத்தம் தேவை. இந்தக் கடைசிச் சீட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். டிக்லிபூர், மாயாபந்தர், நான்கோவரி என்று எங்கெங்கோ இருந்து ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்த ஊரில் ஆள் தெரியாது. எங்கே தங்குவது, திரும்பிப் போகக் கப்பல் டிக்கெட் எப்படி வாங்குவது, ரத்தம் யாரிடம் கேட்பது என்று அலைவார்கள். யாராவது ஒருவர் இந்தக் கடைக்கு வழி சொல்லிவிடுவார். சீட்டு இந்தியிலும் தமிழிலும் வங்காளியிலும் எழுதி ஒட்டப்படும். எழுதிக் கொடுக்க எப்போதும் ஒருவர் பெஞ்சில் இருப்பார். நவம்பர் டிசம்பரில் இங்கே ஐந்தரை மணிக்கே நன்றாக இருட்டிவிடும். அப்புறம் பின்னாலிருக்கிற சின்ன அறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியர் பாடம் நடத்துவார். அதற்கு வாடகை கிடையாது.

"எப்படிண்ணே கட்டுப்படியாகுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காசு குடுத்துக் குடிக்கிறவன் பாதி தம்பி, சும்மா உக்காந்திருக்கிறவன் பாதி. சும்மா இருக்கிறவனை எந்திரிக்கச் சொன்னா, குடிக்கிறவனும் நாளைக்கு வரமாட்டான்."

காப்பிக் கடைகளின் நானூற்றுச் சொச்சம் வருட வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

விஷயத்துக்கு வருவோம். காப்பி குடிக்கிற பழக்கம் அரபு நாட்டில் பரவிய காலத்திலேயே ஆட்சியாளர்களுக்கு அதன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. 1511ல் மெக்காவில் கைர் பெக் என்ற அதிகாரி காப்பிக்குத் தடை போட்டார். பானத்தில் மயக்கம் இருக்கிறதா என்று விசாரணை எல்லாம் நடந்தது. மனிதர்கள் கூடி உட்கார்ந்து பேசுவதுதான் உண்மையான தலைவலி என்று எனக்குத் தோன்றுகிறது. தடை நிற்கவில்லை. 1550களில் இஸ்தான்புல்லில் காப்பிக் கடைகள் வந்தன. 1652ல் லண்டனில் பாஸ்குவா ரோசே என்பவர் முதல் கடையைத் திறந்தார். ஒரு பென்னி கொடுத்தால் உள்ளே போய் நீளமான மேசையில் யார் பக்கத்திலும் உட்காரலாம், பத்திரிகை படிக்கலாம், பேசலாம். பென்னிப் பல்கலைக்கழகம் என்று பெயரே வந்துவிட்டது. இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு இது பிடிக்கவில்லை. 1675 டிசம்பர் 29ல் எல்லாக் காப்பிக் கடைகளையும் மூடச்சொல்லி அரசாணை போட்டார். எதிர்ப்பு எப்படி வந்ததோ, 1676 ஜனவரி 8ல் அவரே அதை வாபஸ் வாங்கிக்கொண்டார். பத்தே நாள்!

அந்த லண்டன் கடைகளில் ஒன்றுதான் எட்வர்ட் லாயிட் என்பவருடையது, 1680களின் கடைசியில் தொடங்கியது. கப்பல் கேப்டன்களும் வணிகர்களும் வருகிற கடை என்பதால் எந்தக் கப்பல் எங்கே கிளம்பியது, எது வந்தது, எது மூழ்கியது என்ற செய்திகளைச் சேகரித்து வைத்திருந்தார். அந்தச் செய்தியை நம்பி அங்கேயே உட்கார்ந்து கப்பலுக்குக் காப்பீடு எழுத ஆரம்பித்தார்கள். உலகத்தின் மிகப் பெரிய காப்பீட்டுச் சந்தைகளில் ஒன்றான லாயிட்ஸ் அப்படிப் பிறந்ததுதான். டெலானிபூர்ச் சுவரில் ஹட்பே கப்பல் நேரத்தை ஒட்டுகிற அண்ணனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அந்தாளு காப்பி நல்லா போட்டிருப்பாரா?" என்று கேட்டார். பதில் தெரியாது.

லண்டன் கடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அங்கே பிரபுவும் கடைக்காரரும் சமமாக உட்கார்ந்தார்கள் என்று உருகுவார்கள். ஹேபர்மாஸ் 1962ல் பொதுவெளி பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தக் கடைகளுக்குப் பெரிய இடம் உண்டு. ஆனால் பெண்கள் வாடிக்கையாளராக அங்கே உட்கார முடியாது. பரிமாறலாம், கடை நடத்தலாம், உட்காரக்கூடாது. ஆக, காப்பிக் கடை 'எல்லோருக்கும்' என்று யாராவது சொன்னால் அந்த 'எல்லோரும்' யார் என்று கேட்டுவிடுவது நல்லது. நம்மூருக்கு வரும்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

தமிழர்களுக்கும் காப்பிக்குமான உறவு குடிப்பதில் தொடங்கவில்லை, நடவில் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இலங்கை மலைகளின் காப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கூலியாட்கள் சாரிசாரியாகப் போனார்கள். ராமேஸ்வரம் பக்கம் கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டு வழியே கண்டிக்கு நடை. வழியில் காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்கள் ஏராளம். அவர்கள் பறித்த பழத்தின் பானத்தை அவர்கள் குடித்ததில்லை. 1869ல் இலைத்துரு நோய் வந்து, அடுத்த இருபது வருடத்தில் இலங்கையின் காப்பி அழிந்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அவர்களின் குடியுரிமை பறிபோனது. 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி லட்சக்கணக்கானவர்கள் 'தாயகம்' திரும்பினார்கள், பார்த்தேயிராத தாயகம். அதில் ஒரு பகுதியினரை இந்திய அரசு எங்கே குடியேற்றியது தெரியுமா? நிக்கோபாரில் இருக்கிற கச்சால் தீவில், ரப்பர் தோட்டத்தில்.

ஆக, காப்பிக்காகக் கண்டிக்குப் போன குடும்பம், தேயிலைக்காக அங்கே நின்று, ரப்பருக்காக வங்கக் கடலின் நடுவே வந்து சேர்ந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கச்சால் பட்ட பாடு தனிக் கதை. அந்தத் தீவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பெரியவர் ஒருவரை அண்ணன் கடையில் பார்த்தேன். தாத்தாவுக்குத் தாத்தா காப்பிக் காட்டுக்குப் போனவராம். "நாங்க எல்லாம் தேத்தண்ணிதான் தம்பி" என்று காப்பியை வேண்டாம் என்றுவிட்டு வெறும் சாயா வாங்கிக் குடித்தார்.

தமிழ்நாட்டில் காப்பி குடிக்கிற பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் நடுத்தர வர்க்கத்து வீடுகளில் நுழைந்து, காலையில் நீராகாரம் குடித்துக்கொண்டிருந்தவர்களை மாற்றியது. இதைப் பற்றி ஆ.இரா. வேங்கடாசலபதி அருமையாக எழுதியிருக்கிறார், 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் (2000). படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள். காப்பி என்றால் பிராமணர், நடுத்தர வர்க்கம். டீ என்றால் உழைப்பாளி என்று பானத்துக்கே சாதியும் வர்க்கமும் ஏறிய கதை அதில் இருக்கிறது. ஊர் ஊராக 'காப்பி கிளப்' வந்தது. பெயரில் கிளப் இருந்தாலும் எல்லோரும் உறுப்பினர் இல்லை. 'பிராமணாள் காப்பி கிளப்' என்று பலகை தொங்கும். சமைப்பவர் பிராமணர் என்று அதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். உள்ளே போனால் பிராமணர்களுக்குத் தனி அறை, மற்ற சாதியாருக்குத் தனி இடம். தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு உள்ளே இடமே இல்லை. ரயில் நிலையத்துச் சாப்பாட்டு அறைகளிலும் இதே பிரிவினை. டிக்கெட் ஒரே விலை, மேசை மட்டும் வேறு. பெரியாரும் ஜஸ்டிஸ் கட்சிக்காரர்களும் வருடக்கணக்காகப் போராடி 1941ல்தான் ரயில் நிலையங்களில் அது ஒழிந்தது.

என் அப்பாவின் அப்பா நெல் வியாபாரத்துக்காக டவுனுக்கு வருவார். கையில் காசு இருந்த மனிதர். ஒரு காப்பி கிளப்பில் (பெயர் வேண்டாம், இப்போது அங்கே செல்போன் கடை) முன்பக்கம் உட்கார்ந்திருந்தவரைப் பின்பக்கம் போகச் சொன்னார்களாம். போகவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டார். அதற்குப் பிறகு எழுபத்தெட்டு வயதில் சாகிறவரை எந்த ஓட்டலிலும் அவர் காப்பி குடித்ததில்லை. நான் சின்னப் பையனாக அவரோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது எனக்கு மட்டும் வாங்கிக் கொடுத்து, தான் வெளியே வெயிலில் நிற்பார். அப்போது ஏன் என்று தெரியாது. அப்பாதான் ரொம்ப நாள் கழித்துச் சொன்னார், அதுவும் ஏதோ சின்ன விஷயத்தைச் சொல்வதுபோல.

தாத்தாவைப் பின்பக்கம் போகச் சொன்னார்கள். இன்னும் சிலரைத் தெருவிலேயே நிற்க வைத்தார்கள். தாத்தாவும் தன் களத்து மேட்டில் வேலை செய்தவர்களைத் திண்ணைக்குக் கீழேதான் நிற்க வைத்திருப்பார், சந்தேகமே இல்லை. டீக்கடை காலம் வந்தபிறகும் கிராமங்களில் இரட்டைக் குவளை வந்தது. பெஞ்சில் உட்காருகிறவருக்குக் கண்ணாடி டம்ளர், குத்தவைத்துக் குடிக்கிறவருக்குச் சிரட்டை அல்லது வேறு குவளை. பின்னால் பேப்பர் கப் வந்ததும் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சிலர் சந்தோஷப்பட்டார்கள். குவளையை மாற்றினால் பெஞ்ச் மாறிவிடுமா என்ன?

1957 மே மாதம் பெரியார் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஓட்டலின் முன்னால் மறியல் தொடங்கினார். பெயர்ப் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லை எடுக்கவேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. மாதக்கணக்கில் நடந்தது. தினமும் தொண்டர்கள் வருவதும் கைதாவதுமாக நூற்றுக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். ஒரு பலகைக்கு இத்தனை பேரா என்று அப்போதும் கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு வெயிலில் நின்ற ஒரு கிழவரைத் தெரிந்தவனுக்கு அந்தக் கேள்வி வராது.

இங்கே அந்தமான் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்ற பயம்தான் காலாபானி என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிற தண்டனை. 1858 மார்ச் 10ல் முதல் 200 கைதிகள் இங்கே வந்து இறங்கினார்கள். தண்டனைக் காலத்தின் ஒரு பகுதியை ஒழுங்காகக் கழித்தவர்கள் நிலம் வாங்கிப் பயிர் செய்யலாம், பெண் கைதிகளை மணந்துகொள்ளலாம் என்று ஏற்பாடு இருந்தது. பெரும்பாலும் மதத்துக்குள் மணந்தார்கள், ஆனால் சாதி பார்க்க வழியில்லை. பஞ்சாபிக்கும் தமிழச்சிக்கும், வங்காளிக்கும் தெலுங்குப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளைகள் இந்துஸ்தானி பேசி வளர்ந்தார்கள். 'லோக்கல் பார்ன்' என்று அவர்களின் வாரிசுகளை இன்றும் இங்கே சொல்வார்கள், பெருமையாகவே சொல்வார்கள். அப்புறம் 1920களில் மாப்பிளாக்கள், பர்மாவிலிருந்து கரேன் மக்கள், பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காள அகதிகள், ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்கள், நாம். 2011 கணக்கெடுப்பில் தீவு மக்களில் சுமார் 15 சதவீதம் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள்.

இதனால் இங்கே சாதியே இல்லை என்று எழுதினால் அது பொய். கல்யாணப் பேச்சு எடுத்தால் ராமநாதபுரம் கப்பலேறி வந்துவிடும். ஆனால் பெஞ்சில் உட்காரும்போது யாரும் கேட்பதில்லை. அதற்கு நல்ல மனசு மட்டும் காரணமில்லை. கேட்டு ஒதுக்குகிற அளவுக்கு எந்தக் கூட்டமும் இங்கே பெரிசாக இல்லை. தவிர, ரத்தம் தேவை என்ற சீட்டில் குரூப் மட்டும்தான் எழுதமுடியும்.

மினி இந்தியா என்று எங்களுக்கு நாங்களே முதுகில் தட்டிக்கொள்வது இங்கே வழக்கம். அந்த மினி இந்தியாவுக்கு இடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிப் போன அந்தமானியர்களும் ஓங்கேகளும் ஜராவாக்களும் இந்தப் பெஞ்சுகளில் இல்லை. 1956ன் பழங்குடிப் பாதுகாப்புச் சட்டப்படி அவர்கள் பகுதிக்கு நாம் போகக்கூடாது, சரிதான். ஆனால் கடலோரமும் காடும் நம் கைக்கு வந்தபிறகு வந்த சட்டம் அது. அப்புறம் பெண்கள். அண்ணன் கடையில் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வருகிற அம்மாக்களும், டியூஷனுக்கு வருகிற பிள்ளைகளும் தவிர, சும்மா உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ஒரு பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை. என் மனைவியிடம் "வா, போய் ஒரு காப்பி குடிக்கலாம்" என்றால், "பதினோரு ஆம்பளைங்க நடுவுலயா?" என்கிறாள். லண்டனுக்கும் டெலானிபூருக்கும் முந்நூற்றைம்பது வருட இடைவெளி.

1957க்குத் திரும்பிப் போகிறேன், ஏனென்றால் திருவல்லிக்கேணி மறியல் நடந்துகொண்டிருந்த அதே வருடம், பெங்களூரில் வேறொன்று நடந்தது.

அதற்கு முன்கதை உண்டு. 1930களில் இந்தியக் காப்பி விளைச்சலுக்கு விற்பனை இல்லாமல் தோட்டக்காரர்கள் திண்டாடினார்கள். உள்நாட்டிலேயே குடிக்க வைக்கலாம் என்று காப்பி வரிக் குழு ஒன்று அமைத்து, 1936ல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் 'இந்தியா காப்பி ஹவுஸ்' திறந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தையும் போனது. காப்பி போர்டு வந்தது. நாடு முழுக்கக் கடைகள் பெருகின. 1940களில் ஏறத்தாழ 50 கடைகள். வெள்ளைச் சீருடையும் விசிறி வைத்த தலைப்பாகையுமாகப் பரிமாறுகிறவர்கள், மலிவான காப்பி. பின்பக்கம் போ என்று சொல்லும் பலகை கிடையாது. அது அரசாங்கத்தின் கடை, யாரும் வரலாம்.

1950களின் நடுவில் காப்பி போர்டு, விளம்பர வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தோ என்னவோ, கடைகளை மூட முடிவெடுத்தது. தொழிலாளர்களுக்கு நோட்டீஸ் போனது. அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஏ.கே. கோபாலன், அந்தக் கம்யூனிஸ்ட் தலைவர், தொழிலாளர்களிடம் சொன்ன யோசனை எளிமையானது: மூடுகிற கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கள். தட்டு எடுத்தவர்களும் காப்பி கலக்கியவர்களும் முதலாளியாவதா என்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். 1957 ஆகஸ்ட் 19ல் பெங்களூரில் முதல் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அக்டோபரில் டெல்லியில் கடை திறந்தார்கள். 1958 மார்ச்சில் திருச்சூரில், ஏ.கே.ஜி.யே வந்து திறந்துவைத்தார். தொழிற்சங்கத் தலைவராக இருந்து அந்தக் கேரளச் சங்கத்தைக் கட்டிய என்.எஸ். பரமேஸ்வரன் பிள்ளைக்குக் 'காப்பி ஹவுஸ் பிள்ளை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. திருவனந்தபுரம் தம்பானூரில் லாரி பேக்கர் கட்டின சுருள் கோபுரக் கடையில் ஏறிக்கொண்டே காப்பி குடித்தவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். (தரை முழுக்கச் சரிவு, ஆனால் மேசை மட்டமாக இருக்கும். கட்டடக் கணக்குப் பார்க்கிற தொழில் செய்கிறவன் என்ற முறையில் அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு.)

என்னைக் கவர்வது, அந்தத் தொழிலாளர்கள் முதலாளியான பிறகும் யாரையும் எழுப்பிவிடவில்லை என்பது. கணக்குப் பார்க்கிற எந்த முதலாளியும் ஒரு காப்பிக்கு மூன்று மணி நேரம் உட்கார விடமாட்டார். அவர்கள் விட்டார்கள். அதனால் லாபம் குறைந்தது, சுவருக்குப் பெயின்ட் அடிக்கக் காசில்லாத சங்கங்களும் உண்டு. ஆனால் பெஞ்ச் காலியாகவில்லை.

அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்கு இது மறுபடியும் உறுத்தியது. டெல்லி கன்னாட் பிளேஸில் காப்பி ஹவுஸ் அரசியல்வாதிகளும் பத்திரிகைக்காரர்களும் மாணவர்களும் கூடுகிற இடம். நெருக்கடி நிலையின்போது, 1976ல், அதை இடித்துவிட்டார்கள். அந்த வட்டாரத்தில் பின்னால் பாலிகா பஜார் வந்தது. சார்லஸ் மன்னர் பத்து நாளில் பின்வாங்கினார். இங்கே புல்டோசர் இருந்ததால் அந்தப் பிரச்சினை வரவில்லை.

கல்கத்தாவில் வேறு கதை. காலேஜ் ஸ்ட்ரீட்டில் 1876ல் கட்டின ஆல்பர்ட் ஹாலில் 1942ல் காப்பி போர்டு கடை திறந்தது. 1958ல் அதை மூடினார்கள். பிரசிடென்சி கல்லூரியின், கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் அரசாங்கத்திடம் மனுக் கொடுக்க, அதே வருடம் திறந்துவிட்டார்கள். பேராசிரியர்கள் மனு எழுதி ஏதாவது திறந்ததாக நான் கேள்விப்பட்ட ஒரே சம்பவம் இதுதான். வங்காளிகள் இந்த வெட்டிப் பேச்சுக்கு 'அட்டா' என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். 1983ல் மன்னா டே அந்தக் காப்பி ஹவுஸைப் பற்றிப் பாடின பாட்டு ஒன்று இருக்கிறது, கூடிப் பேசின நண்பர்கள் ஆளுக்கொரு திசையாகச் சிதறிப் போனது பற்றி. ஞாயிற்றுக்கிழமை காலையில் டெலானிபூரில் உட்காருகிற மூன்று வங்காளித் தாத்தாக்களில் ஒருவர் செல்போனில் அதைப் போடுவார். மூவருமே கல்கத்தாவில் படித்ததில்லை. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து நேராகத் தீவில் இறங்கின குடும்பங்கள். காலேஜ் ஸ்ட்ரீட்டை ஒருமுறைகூடப் பார்க்காதவர் அதை நினைத்துக் கண்கலங்குவதை, கண்டி மலையைப் பார்க்காத நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2020 ஆகஸ்ட்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வரும்வரை இங்கே இன்டர்நெட் என்பது செயற்கைக்கோள் வழியே சொட்டுச் சொட்டாக வருகிற சமாச்சாரம். பேப்பரும் சென்னை விமானத்தில் தாமதமாக வரும். செய்தி வேண்டுமானால் கடைக்கு வந்தாக வேண்டும். கேபிள் வந்தபிறகு கூட்டம் குறையும் என்று அண்ணன் பயந்தாராம். பேப்பர் படிக்கிறவர்கள் குறைந்தார்கள், உண்மை. சீட்டு ஒட்ட வருகிறவர்கள் குறையவில்லை. அவருடைய இப்போதைய கவலை இடத்து வாடகை. சுற்றுலா பெருகப் பெருகச் சாலையோரக் கடைகளுக்கெல்லாம் கண்ணாடிக் கதவு வருகிறது.

பெங்களூர் எம்.ஜி. ரோட்டில் 1959லிருந்து இருந்த காப்பி ஹவுஸுக்கு நான் அங்கே வேலை பார்த்த காலத்தில் அடிக்கடி போவேன். அந்தச் சாலையின் வாடகை ஏறிய வேகத்துக்கும் அந்தக் கடையின் காப்பி விலைக்கும் சம்பந்தமே இல்லை. கடைசியில் 2009 ஏப்ரலில் அந்தக் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டி வந்தது. எல்லாரும் இரங்கற்பா எழுதிக்கொண்டிருந்தபோது சங்கத்துக்காரர்கள் பக்கத்திலேயே சர்ச் ஸ்ட்ரீட்டில் இடம் பிடித்துத் திறந்துவிட்டார்கள். சுவர்கள் வேறு, ஜன்னல் வழியே எம்.ஜி. ரோடு தெரியாது. வெள்ளைச் சீருடை அதேதான். ஒரு காப்பிக்கு எவ்வளவு நேரமும் உட்காரலாம் என்பதையும் மூட்டை கட்டிக் கூடவே எடுத்துவந்திருந்தார்கள்.